புகாராவுல ஒரு செங்கல் பாய்!

வணக்கம் மக்களே! நேத்துதான் உஸ்பெகிஸ்தான்ல இருக்குற புகாராவுல இருந்து வந்து இறங்கினேன். இன்னும் பெட்டியே பிரிக்கல. சமர்கந்து வீடியோவுல நீல டைல்ஸ் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுன்னு சொன்னதுக்குக் கமெண்ட்ல சண்டைக்கு வந்தீங்கல்ல? இப்ப இதைப் பாருங்க. அந்தக் காலத்துல புகாராவை ஆண்ட மன்னர் இஸ்மாயில் சமானியோட கல்லறை. ஒரு துளி நீலம் கிடையாது. முழுக்கச் சுட்ட செங்கல்தான்!

முதல்ல டாக்ஸி விஷயம். டிரைவர் 40,000 சோம் (அந்த ஊர் பணம்) கேட்டார். பேசிப்பேசி 25,000க்கு இறக்கினேன். ஜெயிச்சுட்டேன்னு நிம்மதியா உட்கார்ந்தேன். மறுநாள் ஆப்ல போட்டா அதே தூரத்துக்கு 12,000! 13,000 போச்சு! ரெண்டு நல்ல ரொட்டி வாங்கியிருப்பேன். எனக்கு இன்னும் ஆறல.

ஏன் ரெண்டு தடவை போனேன்? முதல் நாள் மேகமூட்டம், சுவர் தட்டையா தெரிஞ்சுது. மறுநாள் காலையில வெயில் சாய்வா விழுந்துச்சு பாருங்க, அப்படியே ஓலைப்பாய் முடைஞ்ச மாதிரி! கல்லைப் படுக்க வெச்சு, நிக்க வெச்சு, கொஞ்சம் உள்ள தள்ளி, கொஞ்சம் வெளிய நீட்டி... அவ்வளவுதான் வேலையே. மிச்ச டிசைனை நிழல் போட்டுடுது. சாயமே வேணாம்.

வழக்கம்போல மூணு சுத்து சுத்திட்டுதான் கேமராவை எடுத்தேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி, முன்பக்கம் எதுன்னே சொல்ல முடியாது. மேல ஒரு பக்கத்துக்கு 10 குட்டி வளைவு, மொத்தம் 40.

உள்ள போனா இன்னும் அழகு. சதுர அறை மேல வட்டக் குவிமாடம் எப்படி உட்காரும்? நாலு மூலையிலயும் குறுக்கே ஒரு வளைவு கட்டிட்டாங்க. நாலு பக்கம் எட்டாச்சு, எட்டு 16 ஆச்சு, அதுக்கு மேல வட்டம். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கிட்டே நின்னேன். இந்தச் சுவரோட கனம் மட்டும் கிட்டத்தட்ட 1.8 மீட்டர்!

ஐயோ, காலத்தைச் சொல்லவே இல்லையே! பத்தாம் நூற்றாண்டு. 1220ல மங்கோலியர் ஊரை அழிச்சப்ப இது தப்பிச்சுடுச்சு. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்ததாலதான்னு சொல்றாங்க. 1920கள்ல, 30கள்ல சோவியத் ஆட்கள் ஆராய்ஞ்சு சரிபண்ணாங்க.

இன்னொண்ணு விட்டுட்டேன். பேரு இஸ்மாயிலோடதுன்னாலும், அங்க கிடைச்ச மரப்பலகையில இருந்தது அவர் பேரன் நஸ்ரோட பேரு. அப்போ இது குடும்பத்துக்கே கட்டினது. அந்தக் காலை வெயில் ஷாட்டை வெட்டாம முழுசா போடுறேன், சத்தத்தைக் குறைச்சுட்டுப் பாருங்க.