பாய்சன் ஐவி: கொப்புளம் பரவுவதில்லை, எண்ணெய்தான் பரவுகிறது

நேயர்களுக்கு வணக்கம். வட அமெரிக்காவில் கோடை தொடங்கியதும் குழந்தை மருத்துவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், நேற்று காலில் மட்டும்தான் தடிப்பு இருந்தது. இன்று வயிற்றிலும் வந்துவிட்டது. பரவுகிறதா?"

பரவவில்லை. பாய்சன் ஐவி என்பது அங்கே வளரும், தொட்டால் தோல் தடித்து அரிக்கும் ஒரு செடி. அதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. அது எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் அலர்ஜி வரும். நிறையப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் சிவக்கும், மற்ற இடங்கள் சில நாள் பிந்தும். குழந்தையின் கெண்டைக்காலைப் பாருங்கள்: சிவப்பு மை பேனாவால் கோடு இழுத்ததுபோல் தடிப்பும், அந்தக் கோட்டிலேயே வரிசையாகக் குட்டிக் கொப்புளங்களும் இருக்கும். இலை உரசிப் போன தடம் அது. கொப்புளத்திலிருந்து கசியும் நீரில் எண்ணெய் இல்லை. அதனால் அண்ணனிடமிருந்து தங்கைக்கு ஒட்டாது, தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

ஆனால் ஷூ, பந்து, நாயின் ரோமம் இவற்றில் எண்ணெய் ஒட்டியிருந்தால் ஒட்டும். துவைக்காத துணியில் அது மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். தடிப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஷூ லேஸைத்தான்.

செடியைத் தொட்டது தெரிந்தால் உடனே சோப்பும் ஓடுகிற தண்ணீரும். சில நிமிடங்களிலேயே எண்ணெய் தோலுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிறுத்தினால் எண்ணெயை இழுத்துப் பூசியதாகிவிடும். நக இடுக்கை மறக்காதீர்கள்.

தடிப்பு வந்த பிறகு? 1 முதல் 3 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். நம் வேலை அரிப்பைத் தணிப்பது. குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம், ஓட்ஸ் பொடி கலந்த வெதுவெதுப்பான குளியல், கலமைன் லோஷன். லேசான தடிப்புக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு போடலாம், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. அரிப்புக்கென்று கடையில் விற்கும் ஆன்டிஹிஸ்டமின் களிம்புகள் வேண்டாம், அவையே புதிய அலர்ஜியைக் கிளப்பலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கொசுறு: மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இந்தச் செடியின் குடும்பம்தான். பாய்சன் ஐவி அலர்ஜி உள்ள சிலருக்கு மாம்பழத் தோல் பட்டாலும் வாயைச் சுற்றித் தடிக்கும்.

முகம், கண், பிறப்புறுப்பு இவற்றில் வந்தாலோ, உடம்பின் பெரும்பகுதியைப் பிடித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போங்கள். வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தால், இரண்டு நாளில் குறைந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள், பாதியில் விட்டால் தடிப்பு மறுபடி கிளம்பும். இந்தச் செடியை எரிக்கவே கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்து மூச்சு திணறினால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.