கரையேறிய திமிங்கிலத்தைத் தள்ளிவிடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

2016 ஜனவரி இரண்டாம் வாரம், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டை ஒட்டிய கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஏறிக் கிடந்தன. மீனவர்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள். தள்ளினார்கள், படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பி வந்தன. 40-க்கும் மேல் இறந்தன. இதே மணப்பாட்டில் 1973-இல் 147 ஒதுங்கியிருக்கின்றன. ஆக, இனியும் ஒதுங்கலாம். அதிகாரிகளும் மருத்துவரும் வந்து சேரும்வரை கரையில் நிற்பவர் செய்வதுதான் வைத்தியம்.

வந்தவை குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கிலங்கள். உருண்டைத் தலை, கறுத்த உடல். ஆண் 7 மீட்டர் வரை நீளும். எடை 3 டன்னைத் தொடும். பெயர்தான் திமிங்கிலம், குடும்பம் ஓங்கல், அதாவது டால்பின் குடும்பம். கணவாய் தேடிப் பல நூறு மீட்டர் ஆழம் முங்குகிற பிராணி இது. மன்னார் வளைகுடாவின் கரையோர ஆழம் அதற்குப் போதாது.

நாம் செய்யும் முதல் தவறு, அதை மீனாக நினைப்பது. தரையில் கிடக்கிறதே, மூச்சு முட்டுமே என்று தண்ணீருக்குள் தள்ளுகிறோம். அதற்கு மூச்சு காற்றில்தான். தலை உச்சியில் உள்ள துளைதான் மூக்கு. ஒருக்களித்துக் கிடப்பதை அப்படியே அலைக்குள் உருட்டினால் அந்தத் துளைக்குள் தண்ணீர் புகுந்து அங்கேயே மூழ்கிச் சாகும். தரையில் அதைக் கொல்வது வேறு இரண்டு. தண்ணீர் தாங்கிய எடை முழுவதும் இப்போது நுரையீரல் மேலும் தசை மேலும் அமுங்குகிறது. அதோடு, தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் படலம் உடல் சூட்டை வெளியே விடாது. வெயிலில் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும்.

அதனால் முதலில் 1093 என்ற கடலோரக் காவல் எண்ணுக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். கூட்டத்தையும் நாயையும் விலக்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து உடலை வயிற்றின் மேல் நிமிர்த்துங்கள். வாலையோ துடுப்பையோ பிடித்துப் புரட்டக் கூடாது, மூட்டு விலகிவிடும். பக்கத் துடுப்பு இரண்டுக்கும் கீழே மண்வெட்டியால் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். எடை துடுப்பை விட்டு இறங்கும், சூடும் அந்த வழியாகத் தணியும். பழைய பருத்தி வேட்டியோ சேலையோ நனைத்து முதுகில் விரித்து, வாளியில் கடல்நீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். மூக்குத் துளையைத் துணி மூடக் கூடாது, ஊற்றும் நீரும் மணலும் அதில் விழக் கூடாது. அது மூச்சு விடும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், கிருமி வரும். வால் பக்கம் நிற்கவே வேண்டாம். ஓர் அடி போதும், கால் முறிய.

அடுத்தது கடலுக்குத் திருப்புவது. நியூசிலாந்தில் ஓதம் ஏறும்வரை காத்திருந்து மிதக்க விடுவார்கள். அங்கே ஓதம் மீட்டர்க் கணக்கில் ஏறி இறங்கும். நம் கரையில் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம். ஆகவே நமக்குத் தார்ப்பாய்தான் வழி. உடலை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, சுருட்டிய பாயை அடியில் செருகி, மறுபக்கம் சாய்த்து விரித்து, இரு ஓரத்தையும் பிடித்து நகர்த்த வேண்டும். வாலில் கயிறு கட்டிப் படகால் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். முதுகெலும்பு விலகும், பின்னோக்கி இழுபடும் தலை தண்ணீருக்குள் அமிழும்.

இடுப்பளவு நீருக்குப் போனதும் விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் கிடந்த உடல் மரத்துப்போயிருக்கும், பக்கவாட்டில் சாயும். தானாக நிமிர்ந்து மிதக்கும்வரை இருபுறமும் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் மற்றவையும் வந்து சேர வேண்டும். மணப்பாட்டில் திரும்பி வந்ததை விளங்கிக்கொள்ள இதுதான் திறவுகோல்: இவை உறவு விட்டுப் பிரியாத கூட்டம். கரையில் ஒன்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆழத்தில் விட்டது அதைத் தேடித்தான் வரும். பிழைக்கக்கூடியவற்றை ஒன்றாக நிறுத்தி, ஒரே நேரத்தில் விட்டு, கரைப்பக்கம் வல்லங்களை வரிசையாக நிறுத்தி மறிக்க வேண்டும். பிழைக்காது என்று மருத்துவர் சொன்ன பிராணியை அதன் கூட்டத்தின் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தள்ளிவைப்பதும் இதில் சேரும். கேட்கக் கடினமாகத்தான் இருக்கும்.

இறந்ததைப் புதைக்கும் முன் அளந்துவிடுங்கள். மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை, உடல் வளைவை ஒட்டாமல், நேர்கோட்டில். பல்லை எண்ணுங்கள், மேலும் கீழும் ஒவ்வொரு பக்கத்திலும் 7 முதல் 9 வரை இருந்தால் குட்டைத் துடுப்பு இனம்தான். ஊதிய வயிற்றைக் குத்தாதீர்கள், உள்ளே அடைபட்ட வாயு வெடித்துச் சிதறும். பல்லோ எலும்போ வீட்டுக்கு எடுத்துப்போவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.