கயிறு பிசகாத கப்பல்: ஓவியம் படிக்காத மாலுமிகள் வரைந்தவை

[திரையில்: ஆல்ஃபிரட் வாலிஸின் ஒரு கப்பல் ஓவியம். மெல்லிய கடல் இரைச்சல்.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கலங்கரை விளக்கம் சாய்ந்து நிற்கிறது. வீடுகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. சின்னப்பிள்ளை கீறியது என்று சொல்லத் தோன்றும். இப்போது கப்பலுக்குக் கிட்டப் போவோம். எத்தனை பாய்மரம், வீசுகிற காற்றுக்கு எத்தனை பாயை விரித்து வைக்க வேண்டும் என்பதில் வரைந்தவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. கப்பலில் வேலை செய்த கை அது.

ஆல்ஃபிரட் வாலிஸ் 1855இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். இளமையில் பாய்க்கப்பல்களில் வேலை செய்தார், அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துவரை போனார். அப்புறம் கோர்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய இரும்பும் கயிறும் பாயும் வாங்கி விற்று வாழ்ந்தார். 1922இல் மனைவி இறந்தார். தனிமை தாங்காமல்தான் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது.

[திரையில்: ஓரம் கோணலாக வெட்டிய ஒரு மட்டை ஓவியம், நெருக்கத்தில்.]

மட்டையின் வடிவத்தைக் கவனியுங்கள். பலசரக்குக் கடைப் பெட்டியிலிருந்து வெட்டிய மட்டை இது. ஓரம் கோணலாக இருந்தால் அவர் நேராக்க மாட்டார். அந்தக் கோணலுக்குள் கடலையும் கரையையும் பொருத்திவிடுவார். சில இடங்களில் மட்டையின் பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிடுவார், அதுவே மணலாகும், வானமாகும். படகுக்குப் பூசுகிற பெயின்ட்தான் நிறம். பச்சை, கறுப்பு, வெள்ளை, சாம்பல், கபிலம். உண்மையில் குளிர்கடல் அவ்வளவு நிறத்தில்தான் இருக்கும்.

கப்பல் ஏன் வீட்டைவிடப் பெரிது? ஒரு பொருள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு பெரிதாக அதை வரைந்தார். கரைக்கு வருகிற மாலுமிக்குத் துறைமுக வாயில் எங்கே, பாறை எங்கே, விளக்கு எங்கே என்பதுதான் உயிர். மற்றதெல்லாம் சிறிதானால் என்ன? இதைத் தெரியாத்தனம் என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு ஓவியர்கள் அவர் வீட்டைக் கடந்து போனார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரெல்லாம் ஆணியடித்த கப்பல்கள். ஜிம் ஈட் என்பவர் தபாலில் வரவழைத்து, சில ஷில்லிங் கொடுத்து வாங்கிச் சேர்த்தவைதான் இன்று கேம்பிரிட்ஜின் கெட்டில்ஸ் யார்ட் கலைக்கூடத்தில் பெரிய தொகுப்பாக இருக்கின்றன. வாலிஸ் 1942இல் ஏழைகள் விடுதியில் இறந்தார். அவர் கல்லறையில் பெர்னார்ட் லீச் என்ற மட்பாண்டக் கலைஞர் செய்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள்: பெரிய கலங்கரை விளக்கம், அதன் படியில் ஒரு சின்ன மனிதர். படங்களுக்குக் கொடுத்த மதிப்பை அந்த மனிதருக்கு உயிரோடிருக்கும்போது கொடுக்கவில்லையே என்பது என் மனதை உறுத்துகிறது.

[திரையில்: கம்பளி நூலில் தைத்த கப்பல்.]

தூரிகை எடுக்காதவர்களும் கப்பல் வரைந்தார்கள், ஊசியால். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரித்தானிய மாலுமிகள் பலர் கம்பளி நூலால் தாம் வேலை செய்த கப்பலைத் தைத்தார்கள். கிழிந்த பாயையும் உடுப்பையும் தாங்களே தைக்க வேண்டிய தொழில், அதனால் ஊசி கைக்குப் பழகியது. இங்கிலாந்தின் நோர்போக்கைச் சேர்ந்த ஜான் கிராஸ்க் என்ற மீனவர் நோயில் படுத்த பிறகு முதலில் வரைந்தார், பின்பு படுக்கையிலிருந்தபடியே தைத்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கேர்க்கிலிருந்து படைகள் கடல்வழி மீட்கப்பட்டதை நீண்ட துணியில் தைத்துக்கொண்டிருந்தவர் 1943இல் இறந்துபோனார். அந்தத் துணியில் வானம் இன்னும் முழுமையாகவில்லை.

கூலிக்கு வரைந்தவர்களும் துறைமுகங்களில் இருந்தார்கள். கப்பல் நிற்கும் சில நாட்களுக்குள் வரைந்து தலைவரிடம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொரு கயிறாகப் பார்ப்பார், தவறு இருந்தால் காசு வராது.

நீங்களும் ஒன்றைப் பார்க்கலாம்: கொடி. காற்று பின்னாலிருந்து பாயைத் தள்ளினால் கொடியும் முன்பக்கமாகத்தான் பறக்க வேண்டும். பாய் ஒரு பக்கம், கொடி மறுபக்கம் என்று இருந்தால் வரைந்தவர் காற்றை மறந்துவிட்டார்.

[திரையில்: காலிமுகத்திடலிலிருந்து தெரியும் கப்பல்கள். அடுத்து, முகத்துவாரத்தில் கட்டிய மீன்பிடிப் படகுகள்.]

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் பேசுகிறேன்? தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்து வந்த துறைமுகம் இது. வடக்கே வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற இரண்டு பாய்மரக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். நம்மவர்கள் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இவ்வளவு கடல் தெரிந்தவர்களிடையே கீறத் தெரிந்த கை இருந்திருக்காதா? இராமநாதபுரத்து அழகன்குளத்தில் தோண்டியெடுத்த பானை ஓட்டுத்துண்டு ஒன்றில் கூடக் கப்பல் கீறியிருக்கிறது. ரோமர்களோடு வணிகம் நடந்த காலத்தது. கீறியவர் பெயர் இல்லை, கப்பல் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தண்டையலாக (கப்பல் தலைவராக), தோணிக்காரராக, கப்பல் வேலையாளாக இருந்திருந்தால், வீட்டில் பழைய பெட்டியையும் கொப்பிகளையும் பாருங்கள். கப்பல் படம் கிடைத்தால் மடிக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். வெளிச்சம் நேராகப் படாத இடத்தில் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் பிடியுங்கள். கப்பலின் பெயரும் ஊரும் சில வேளை பின்னால் எழுதியிருக்கும். அப்புறம் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இது அணியமா (கப்பலின் முன்பக்கமா), இந்தக் கயிறு எதற்கு, எந்தக் காற்றில் இந்தப் பாயை இறக்குவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்வதைப் போனில் பதிந்து, அந்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.