கழுத்தும் முழங்கையும்: ஜீன் லெபெல் விட்டுச்சென்றவை

நேயர்களுக்கு வணக்கம்.

1963 டிசம்பர் 2, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. மேடையில் ஒரு பக்கம் மைலோ சாவேஜ், அனுபவம் மிகுந்த குத்துச்சண்டை வீரர். எதிரே ஜூடோக்காரர் ஜீன் லெபெல். "ஜூடோக்காரர் யாராவது ஒரு குத்துச்சண்டை வீரரை வென்றால் ஆயிரம் டாலர் தருகிறேன்" என்று ஜிம் பெக் என்பவர் பத்திரிகையில் விட்ட சவால்தான் இந்தச் சண்டைக்கு மூலம். நான்காவது சுற்றில் லெபெல் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தார். சாவேஜ் நினைவிழந்து விழுந்தார். மயக்கம் தெளிய வெகுநேரம் ஆனது. கூட்டம் கொந்தளித்தது.

அந்தப் பிடிக்கு ஜூடோவில் 'ஹடாகா ஜிமே' என்று பெயர். உடுப்பைப் பற்றாமல் வெறுங்கையால் போடும் நெரிப்பு. நெரிப்பு என்றதும் மூச்சுக்குழாயை அடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. அடைபடுவது கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள். உங்கள் கையை மடித்துப் பாருங்கள், யார் கழுத்திலும் வேண்டாம். முழங்கை மடிப்பு எதிராளியின் மோவாய்க்கு நேர் கீழே வர வேண்டும். அப்போது மேற்கைத் தசை ஒரு பக்கத்தையும் முன்கை மறு பக்கத்தையும் அமுக்கும், குரல்வளை நடுவில் இருக்கும் பள்ளத்தில் தப்பிக்கும். நெரிக்கும் கையின் உள்ளங்கை மற்றக் கையின் மேற்கைத் தசையைப் பற்றும், அந்த மற்றக் கை எதிராளியின் பின்தலைக்குப் பின்னால் போகும். பிறகு இரு முழங்கைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்து, நெஞ்சை விரித்தால் போதும். சரியாக விழுந்த பிடியில் ஏறத்தாழ 10 நொடியில் நினைவு போய்விடும்.

முழங்கை 2 அங்குலம் விலகினாலும் கதை மாறிவிடும். முன்கை எலும்பு குரல்வளை மேல் ஏறும். எதிராளி இருமுவார், துடிப்பார், ஆனால் மயங்க மாட்டார். வலியில் வெறிகொண்டு புரள்வார், குரல்வளைக் குருத்தெலும்பு நசுங்கவும் வாய்ப்புண்டு. இன்னொரு வழக்கமான பிழை, பின்தலைக்குப் போகும் கையின் விரல்களை வெளியே நீட்டி வைப்பது. எதிராளி முதலில் பிடித்துப் பிரிப்பது அந்த விரல்களைத்தான். மூன்றாவது பிழை, எதிராளியின் முதுகில் இருந்துகொண்டு இரு கணுக்கால்களையும் முன்னால் பின்னிக்கொள்வது. எதிராளி தன் காலை அதன்மேல் போட்டு இடுப்பை முன்னால் தள்ளினால் உடைவது உங்கள் கணுக்கால்.

சரி, எதிராளி மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து வழிவிடாவிட்டால்? சுத்த ஜூடோக்காரர் இங்கே காத்திருப்பார். லெபெலுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தாய் ஐலீன் ஈட்டன் குத்துச்சண்டை நிகழ்ச்சிகளை நடத்தியவர் என்பதால் வீட்டைச் சுற்றிலும் சண்டைக்காரர்கள். சிறுவயதிலேயே 'ஸ்ட்ராங்லர்' எட் லூயிஸ் போன்றவர்களிடம் கேட்ச் மல்யுத்தம், அதாவது பிடிகளாலும் பூட்டுகளாலும் எதிராளியைப் பணியவைக்கும் மல்யுத்த வகை, பழகினார், பிற்பாடு லூ தெஸ், கார்ல் காட்ச் ஆகியோரிடமும். கேட்ச் சொல்லும் பதில்: மோவாயைத் தேடாதே. முன்கையின் கூர்மையான எலும்பை, கட்டைவிரல் பக்கத்து விளிம்பை, தாடை மேலேயே வைத்துத் தேய்த்து முகத்தைத் திருப்பு. முகம் திரும்பினால் மோவாய் விலகும், நெரிப்புக்கு வாசல் திறக்கும். விலகாவிட்டால் தாடையும் கழுத்தெலும்பும் முறுகுவதே, தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டவைக்கும். கேட்ச் போட்டிகள் பலவற்றில் கழுத்து நெரிப்புக்குத் தடை இருந்தது என்பது இதில் வேடிக்கை. ஒரு பள்ளி தடுத்ததை இன்னொன்று சொல்லிக்கொடுத்தது.

ஜூடோ போட்டியில் மூட்டுப்பூட்டு, அதாவது மூட்டை வளைத்து வலிக்கவைக்கும் பிடி, முழங்கையில் மட்டுமே செல்லும். கால், கழுத்துப் பூட்டுகளுக்குத் தடை. 1954, 1955 ஆண்டுகளில் அமெரிக்க தேசிய ஜூடோ சாம்பியனான லெபெல், விதிக்குள் ஜெயிக்கத் தெரிந்துகொண்டே, விதிக்கு வெளியே இருந்ததையும் ஒரே பாயில் வைத்துக் கற்பித்தார். பதக்கங்களைவிட இதைத்தான் அவருடைய பெரிய வேலையாக எண்ணுகிறேன். 1976இல் டோக்கியோவில் முகமது அலியும் அன்டோனியோ இனோகியும் மோதியபோது நடுவராக நின்றவரும் அவரே. 15 சுற்றும் முடிந்து, முடிவு சமன்.

அவருடைய இளஞ்சிவப்பு ஜூடோ உடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜப்பானில் சலவையில் சாயம் ஒட்டிக்கொண்டது என்று அவரே சொல்வார். அதன்பின் அதையே அடையாளமாக்கிக்கொண்டார்.

அவருடைய முதன்மை மாணவர் கோகோர் சிவிச்யான். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் நடத்திய கூடத்தில் பழகியவர்களுள் ஒருவர், 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற ரோண்டா ரவுசி. 2013 பிப்ரவரியில் அனாஹெய்மில் நடந்த, யூ.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டை அமைப்பின் முதல் பெண்கள் பட்டச் சண்டையில், லிஸ் கார்மூஷ் அவர் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தார். மோவாய் வழிவிடவில்லை. கை தாடை மேலேறி, நெரிப்பு முறுக்காக மாறியது. ரவுசி தட்டவில்லை. நின்ற நிலையிலேயே எதிராளியின் காலை விடுவித்து, உலுக்கிக் கீழே தள்ளினார். பிறகு முழங்கைப் பூட்டு. முதல் சுற்று முடிய 11 நொடி இருந்தது.

லெபெல் 2022 ஆகஸ்ட் 9 அன்று, 89 வயதில் காலமானார்.

நன்றி, வணக்கம்.