பேனா யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். வாழ்க்கைத் தரத்தை அளப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சம்பளம், சொந்த வீடு, கார் என்று உங்கள் நினைப்பு ஓடியிருக்கும். தமிழில் அந்தச் சொல்லுக்கு அந்த வாசனைதான் அதிகம். நான் பேசப்போவது நோயாளியின் வாழ்க்கைத் தரம். நோயோடும் மருந்தோடும் ஒருவருடைய நாள் எப்படிப் போகிறது? மாடிப்படி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா, நாலு பேரோடு சிரித்துப் பேச முடிகிறதா? இதையும் அளக்கலாம். காய்ச்சலுக்கு வெப்பமானி இருப்பதுபோல இதற்குக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன.

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தபோது அப்படி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. ஜேம்ஸ் வார்னி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'பெட்ஸ்-க்யூ-எல்' என்ற தாள். மொத்தம் 23 கேள்விகள். உடல் பற்றி 8, மனநிலை, நண்பர்கள், பள்ளிக்கூடம் பற்றித் தலா 5. போன ஒரு மாதத்தில் இது உனக்கு எவ்வளவு தொந்தரவாக இருந்தது என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'கிட்டத்தட்ட எப்போதும்' வரை ஐந்து பதில்கள். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் பெரும்பாடு. ஒன்பது வயதுப் பையன் ஒருவன், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தான். கட்டிலில் அவன், பக்கத்து நாற்காலியில் அம்மா. அவர் கை தன் தாளில் இருந்தது, கண் மகன் தாளில். "எட்டிப் பார்க்காதீங்கம்மா" என்றேன். "அவன் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா சிஸ்டர்?" என்றார். நாற்காலியை ஜன்னல் பக்கம் நானே தூக்கிப்போட்டு உட்காரவைத்தேன்.

அம்மா எழுதியது இது: பயம், கிட்டத்தட்ட எப்போதும். தூக்கக் குறைவு, கிட்டத்தட்ட எப்போதும். மகன் எழுதியது: பயம், ஒருபோதும் இல்லை. தூக்கம், பிரச்சினை இல்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா என்ற கேள்வியில் பேனாவை அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி, 'கிட்டத்தட்ட எப்போதும்' என்று வட்டம் போட்டிருந்தான். அந்தக் கேள்விக்கு அம்மா போட்டிருந்தது 'ஒருபோதும் இல்லை'.

என்னடா இது என்று மெதுவாகக் கேட்டேன். பள்ளிக்குப் போகிற நாட்களில் பையன்கள் அவன் தொப்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். மருந்தால் முடி கொட்டியிருந்தது, அதை மறைக்கத்தான் தொப்பி. "அம்மாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர், அழுவாங்க" என்றான். அன்றைக்கு நான் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து இப்போது வானொலியில் சொல்கிறேன், அவன் மன்னிக்கட்டும்.

அம்மா பொய் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எழுதிய பயம் அவருடைய பயம். தூங்காமல் இருந்ததும் அவர்தான். அம்மாவை அழவைக்காத பிள்ளை தன் பயத்தை மறைத்திருக்கலாமே என்றும் கேட்கலாம். நானும் யோசித்தேன். அதனால்தான் இரண்டு தாளும் வேண்டும். ஆய்வுகளிலும் இதே கதைதான்: நடப்பது, ஓடுவது மாதிரி கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் பெற்றோரும் பிள்ளையும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். மனசு, நட்பு என்று வந்தால் விலகிவிடுகிறார்கள்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். எல்லா மேடையிலும் நான் சொல்கிற ஓர் ஆய்வு உண்டு. ஏற்கெனவே என்னிடம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் பிரிட்டனில் வெளியானது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் 75 பேரைப் பற்றி மூன்று தரப்பிடம் கேட்டார்கள். மருத்துவர்கள், 75 பேருமே முன்னேறியிருக்கிறார்கள் என்றார்கள். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் முன்னேற்றம் என்றார்கள். வீட்டில் கூட இருப்பவர்களோ, கிட்டத்தட்ட எல்லோருமே, மோசமாகியிருக்கிறது என்றார்கள். எரிச்சல், மறதி என்று அவர்களிடம் பட்டியலே இருந்தது. மருத்துவர் பார்த்தது அழுத்தத்தின் எண்ணை. அது இறங்கித்தான் இருந்தது.

1940-களின் கடைசியில் வந்த கார்னோஃப்ஸ்கி அளவுகோலில், அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று பார்த்துப் புற்றுநோயாளிக்கு 100-லிருந்து 0 வரை மதிப்பெண் போட்டவர் மருத்துவர். பேனா அவர் கையில். பிற்பாடு வந்த, 36 கேள்விகள் கொண்ட 'எஸ்-எஃப்-36' என்ற தாளும், ஐந்து கேள்விகள் கொண்ட 'ஈக்யூ-ஃபைவ்-டி' என்ற தாளும் பேனாவை நோயாளி கையில் கொடுத்தன. குழந்தைகளுக்கும் அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்பார்கள். சொல்லும். ஐந்திலிருந்து ஏழு வயது வரை மூன்று முகங்கள்: சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், வாடிய முகம். கேள்வியை நாம் படிப்போம், பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். இரண்டிலிருந்து நான்கு வயது வரைதான் பெற்றோரை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் மொழிபெயர்ப்பு இருக்கிறதே! அந்த 36 கேள்வித் தாளின் ஆங்கில மூலத்தில் கோல்ஃப் விளையாட முடிகிறதா என்று வரும். கோல்ஃப் மட்டையைத் தொட்டே இராதவர் 'முடியாது' என்றால் அது நோயா? மனச்சோர்வுக்கு 'புளூ' என்று ஒரு சொல்லும் அதில் வருகிறது. அப்படியே பெயர்த்தால், நீல நிறமாக உணர்ந்தீர்களா என்று கேட்டதாகிவிடும்! அதனால் மொழிபெயர்த்ததை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், ஒப்பிடுவார்கள். அப்புறம் நோயாளிகள் சிலரை உட்காரவைத்து, இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் புரிகிறது என்று கேட்பார்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இந்தத் தாள்களால் என்ன பிரயோசனம் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 766 புற்றுநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு. ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினியில் தாங்களே பதிந்துவந்தார்கள். ஏதாவது மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வந்த முடிவில், பதிந்தவர்களின் நடுமதிப்பு ஆயுள், அதாவது ஆய்வில் சேர்ந்தபின் பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31 மாதம், மற்றவர்களுடையது 26. தாளை வாங்கிப் படிக்காமல் கோப்பில் போட்டுவைத்தால் இது நடக்காது. கோப்பில் போட்டுவைத்த கதைகளும் என்னிடம் இருக்கின்றன, அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வணக்கம்.