தலைக்கட்டு வரியும் ஜாஸும்

(தருமபுரியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன செப்டம்பரில் மகள் வீட்டுக்கு, சிகாகோ போயிருந்தேன். சிகாகோ என்றதும் நமக்கெல்லாம் 1893இல் விவேகானந்தர் பேசியதுதான் நினைவுக்கு வரும். நான் கொண்டுவந்திருப்பது வேறு ஒரு சேதி. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் கேட்டு வாங்கினேன்.

அந்த ஊரின் தெற்கே ஹைட் பார்க் என்று ஒரு பகுதி. 2007ஆம் ஆண்டு தொடங்கி, செப்டம்பர் கடைசியில் அங்கே ஜாஸ் இசை விழா நடத்துகிறார்கள். சர்ச்சில் ஒரு கச்சேரி, அருங்காட்சியகத்து முற்றத்தில் ஒன்று, பல்கலைக்கழக அரங்கில் ஒன்று. அப்புறம் மிட்வே என்கிற ஒரு மைல் நீளப் புல்வெளியில் மேடை போட்டுவிடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

அந்தப் புல்வெளிக்கே ஒரு கதை உண்டு. 1893 உலகக் கண்காட்சியின் கேளிக்கைத் திடல் அது. ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில், ஒரே நேரத்தில் 2,000 பேருக்கு மேல் ஏறுகிற இரும்பு ராட்டினத்தை அங்கேதான் நிறுத்தினார். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் நம் பிள்ளைகள் அடம்பிடித்து ஏறுகிறார்களே, அந்த ராட்டினத்துக்கு அதுதான் பூர்வீகம்.

நான் போனபோது நல்ல வெயில். மடக்கு நாற்காலி, போர்வை, தண்ணீர் பாட்டில், பிள்ளைகுட்டி என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினத்து அம்மா. டப்பாவைத் திறந்து, நறுக்கிய தர்பூசணியை என்னிடம் நீட்டினார். அவருடைய அப்பா மிசிசிப்பி பருத்திக் காட்டிலிருந்து ரயிலேறி வந்தவராம். இருபதாம் நூற்றாண்டில் அப்படித் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புக்காகவும், அடி உதை அவமானத்துக்குத் தப்பியும் வடக்கே வந்தார்கள். 1922இல் இருபத்தொரு வயது லூயி ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்து இறங்கியதும் இதே தெற்கு சிகாகோவுக்குத்தான். அவருடைய குரு கிங் ஆலிவர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வேலை தேடிப் போன சனத்தோடு பாட்டும் கூடவே போனது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இது புரியாததல்ல.

மேடை ஓரத்தில் சாக்ஸபோன் வாசிப்பவர் தயாராகிக்கொண்டிருந்தார். சின்ன உறையிலிருந்து, ஊதுகிற முனையில் பொருத்தும் மெல்லிய பட்டை ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊறவிட்டார். வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி வாயில் வைத்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் நாதஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலில் பதப்படுத்துகிற அதே காரியம்! அதுவும் நாணல் வகை, நம் சீவாளியும் நாணல் வகை. கத்ரி கோபால்நாத் அந்தக் கருவியில் கர்நாடக சங்கீதத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

சரி, ஜாஸ் எப்படிப் போகிறது? முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஒரு முறை அந்த மெட்டின் மேல் அவரவர் மனோதர்மம், அந்த இடத்திலேயே தோன்றுகிற கற்பனை. ஒருவர் முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டல். கடைசியில் சாக்ஸபோன் நாலு தாளக்கட்டு வாசித்து விட, டிரம்ஸ் நாலு தாளக்கட்டில் பதில் சொல்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றிப் பேசுமே, அதே மாதிரி. அந்த அம்மா முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்திலும் தப்பவில்லை.

நான் அவரிடம், "எல்லாமே இலவசமா?" என்று கேட்டேன். "உட்காருவது இலவசம், வாசிப்பது இலவசமில்லை" என்றார். பல்கலைக்கழகம் கொஞ்சம் கொடுக்கிறது, அறக்கட்டளைகள் கொஞ்சம். மிச்சத்துக்கு, வருகிறவர்கள் முடிந்ததைப் போடுகிறார்கள். தன் பங்கை அவர் காலையிலேயே போட்டுவிட்டாராம்.

அந்த வார்த்தை என்னை நேராக நம் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடத்த நாம் என்ன செய்தோம்? வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டோம். பதினெட்டு நாள் பகலில் பாரதக் கதை, ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனன் விழுகிற படுகளம். முகவீணை ஊதுகிறவருக்கும் வேடம் கட்டுகிறவருக்கும் பேசிய கூலி போய்ச் சேர்ந்தது. அதனால்தான் கையில் காசில்லாத கிழவியும் முன்வரிசையில் பாய் விரித்து, விடிய விடியப் பார்க்க முடிந்தது. ஜாஸ் விழாவின் கணக்கு நம்மிடம் எப்போதோ இருந்தது, ஐயா!

இப்போது என்ன நடக்கிறது? எங்கள் ஊரில் வரி வசூல் இன்னும் இருக்கிறது. ஆனால் பணம் பெரிய பெரிய ஒலிப்பெட்டிக்குப் போகிறது. பாலக்கோடு பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கூத்துக் கலைஞர், துரியோதனன் வேடத்தில் அவர் வந்து நின்றால் குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். இப்போது ஓசூர் தாண்டி சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். போன மாதம் பார்த்தபோது, "கிரீடக்கட்டையை எலி கடிச்சிடுச்சு சார்" என்றார். அதைக் கேட்டுவிட்டு என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

சென்னையில் 2007இல் சங்கமம் என்ற பெயரில் பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டுப்புறக் கலைகளை இலவசமாக நடத்தினார்கள். நின்றுபோனது, 2023இல் மறுபடி தொடங்கியது. அரசு செய்வது நல்லதுதான். நான் கேட்பது அதைவிடச் சின்னது. நம் தெருக்காரர்களே சேர்ந்து, தருமபுரியில் ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடத்த வேண்டும். ஒரு பூங்காவில் பறையும் பம்பையும், ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் நாதஸ்வரம், ராத்திரி ஒரு திடலில் கூத்து. முன்பணம் கையில் கொடுத்த பிறகுதான் கலைஞர் பெயரை நோட்டீஸில் போட வேண்டும்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தலைக்கட்டுக்கு 500 ரூபாய். முதல் வரியில் என் வீட்டை எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில், துரியோதனனின் கிரீடத்துக்காகத் தனியாக ஒரு தொகை எழுதியிருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் பாலக்கோடு போய் அதை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் ஏழு மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.