பிளைண்டு போடாதது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘போபால் விஷவாயு அழிவுக்குப் பெரிதும் காரணம் அன்றிரவு வேலையில் இருந்தவர்களின் தவறா, அதற்கு முன்பே நிர்வாகம் எடுத்த முடிவுகளா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். குழாயைக் கழுவியவர்கள், தண்ணீர் வேறு பக்கம் போகாமல் தடுக்கும் ‘பிளைண்டு’ என்ற தகட்டைப் போடவில்லை. கசிவு தெரிந்த பிறகும், டீ குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். ஒரு தொழிலாளியே வேண்டுமென்று ரசாயனத் தொட்டிக்குள் தண்ணீரை விட்டார் என்று ஆலையை நடத்திய அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடு சொல்கிறது. மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் அந்தத் தொட்டியை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

1984 டிசம்பர் 2, நள்ளிரவு நெருங்குகிறது. தொட்டியின் எண் இ-610. பாதி மண்ணுக்குள், மேலே கான்கிரீட் மூடி. உள்ளே சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட். ஆலைக்காரர்கள் சுருக்கமாக எம்ஐசி என்பார்கள். செவின் என்ற பூச்சிக்கொல்லி செய்வதற்கான இடைப்பொருள் அது. 39 டிகிரியில் கொதித்துவிடும். ஆவியோ காற்றைப்போல இரு மடங்கு கனம். மேலே போகாது, தெருவோடு தவழும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசினார்களே பாஸ்ஜீன், அதற்கு வேலையிடக் காற்றில் அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. எம்ஐசிக்கு 0.02 பங்குதான். தண்ணீர் பட்டால் இது சூடாகும். அந்தச் சூட்டில் வினை இன்னும் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் மேலும் சூடு.

இந்தப் பொருளை 40 டன் சேர்த்து வைக்கச் சொன்னது யார்? செவின் செய்ய இவ்வளவு கையிருப்பு தேவையே இல்லை. எம்ஐசி உண்டாக உண்டாக அதை அடுத்த கட்டத்தில் செலவழித்துவிடும் முறையும் உண்டு. போபாலில் அக்டோபர் கடைசியிலேயே எம்ஐசி உற்பத்தி நின்றுவிட்டது. செவின் விற்பனையும் படுத்துக் கிடந்தது. ஆனாலும் முக்கால் தொட்டி எம்ஐசி ஆறு வாரம் அப்படியே கிடந்தது. இது அன்றிரவு ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் எடுத்த முடிவா, நடுவர் அவர்களே?

அடுத்தது காவல்கள். எம்ஐசியை 0 டிகிரி அளவில் குளிர்ச்சியாக வைக்க 30 டன் திறனுள்ள குளிர்பதன இயந்திரம் அந்த ஆலையில் இருந்தது. 1984 நடுவில் அதை நிறுத்தினார்கள். அதிலிருந்த குளிரூட்டி வாயுவையும் வடித்து, ஆலையின் வேறு வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவசரத்துக்குக்கூட மறுபடி ஓட்ட முடியாத நிலை. இதன் விளைவைக் கவனியுங்கள். தொட்டியின் வெப்ப எச்சரிக்கை மணி 11 டிகிரிக்கு வைக்கப்பட்டிருந்தது. குளிர்பதனம் நின்றதும் தொட்டி எப்போதுமே அதற்கு மேல்தான் இருந்தது. அந்த மணியால் இனி யாரையும் எழுப்ப முடியாது. 0 டிகிரியில் இருந்த எம்ஐசியில் தண்ணீர் கலந்தால் வினை மெதுவாகத் தொடங்கும். கண்டுபிடித்துச் செயல்பட நேரம் கிடைக்கும். அறைச் சூட்டில் கிடந்ததால் அந்த அவகாசம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது.

அடுத்த காவல் ஸ்க்ரப்பர். தப்பும் வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவி நஞ்சை முறிக்கும் கோபுரம். அதை இயக்கத்திலிருந்து எடுத்து, காத்திருப்பில் வைத்திருந்தார்கள். அதையும் தாண்டினால் எரித்துவிட ஃப்ளேர் டவர். அதன் அரித்துப்போன குழாய்த்துண்டைக் கழற்றியிருந்தார்கள், புதிது மாட்டவில்லை. தொட்டி பொங்கினால் மாற்றிவிட இ-619 என்று ஒரு தொட்டி காலியாக இருக்க வேண்டும். அது காலியாக இல்லை. கடைசியாக, தீயணைப்புக் குழாயின் நீர்த்திரை. அது எழும்பியது சுமார் 15 மீட்டர். வாயு வெளியேறியதோ 30 மீட்டருக்கும் மேலே.

எதிரணி நண்பர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: ஸ்க்ரப்பர் ஓடியிருந்தாலும் அத்தனை வாயுவைத் தாங்கியிருக்காது என்பார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். சிறு கசிவுக்காக வடிவமைத்த கருவி அது. முழுத் தொட்டியும் கொதித்து வந்தால் தாங்காது. தாங்காத ஸ்க்ரப்பரை நம்பி 40 டன் சேர்த்ததும் ஒரு முடிவுதானே?

இப்போது பிளைண்டுக்கு வருகிறேன். அது வட்டமான இரும்புத் தகடு. குழாய்கள் இணையும் இடத்தில் உள்ள இரண்டு ஃப்ளேஞ்சுகளை, அதாவது விளிம்பு வளையங்களை, விலக்கி, நடுவே செருகி, போல்ட்டை முறுக்கினால் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. வால்வை மூடினால் போதாது. பழைய வால்வு கசியும். அன்று இரவு 9.30 மணியளவில் வடிகட்டிக் குழாய்களைக் கழுவ ஆரம்பித்தார்கள். தகடு போடவில்லை. விட்ட தண்ணீர் வடிகால்கள் வழியே ஒழுங்காக வெளியே வரவில்லை. அந்த ஆண்டு மே மாதம் இரண்டு வாயுக் குழாய்களை இணைத்து ஒரு குறுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். தண்ணீர் அதன் வழியாகவே தொட்டிக்குப் போனது என்பது ஆலைத் தொழிலாளர்கள் தரப்பு விளக்கம். சரி, தகடு போடும் வேலை யாருடையது? பராமரிப்புப் பிரிவினுடையது. இரண்டாம் ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடத்தைச் சில நாட்களுக்கு முன்புதான் ரத்து செய்திருந்தார்கள். எம்ஐசி பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர். ஆளை எடுத்துவிட்டு, அந்த ஆள் செய்ய வேண்டியது நடக்கவில்லை என்று மிச்சமிருந்தவர் மேல் பழி போடுவது எந்த நியாயம்?

அடுத்து டீ. 10.20க்குத் தொட்டி அழுத்தம் 2 பிஎஸ்ஐ; பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 10.45க்கு ஷிப்ட் மாறுகிறது. 11 மணிக்குப் புது ஆபரேட்டர் பார்க்கும்போது 10 பிஎஸ்ஐ. 2 முதல் 25 வரை இயல்பு என்பதுதான் அங்கே நடைமுறை; அவர் பதறக் காரணமில்லை. 11.30க்குக் கண் எரிகிறது. அந்த ஆலையில் எம்ஐசி கசிவைக் கண்டுபிடித்த கருவியே தொழிலாளியின் கண்தான்! சின்னச் சின்னக் கசிவுகள் பழகிப்போன இடத்தில், இதுவும் அப்படித்தான், டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் முள் 30ஐத் தாண்டி, அளவுகோலின் எல்லையான 55ஐயும் கடந்தது. தொட்டிமேல் இருந்த கான்கிரீட் வெடிக்கும் சத்தம் கேட்டது. பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. உள்ளே வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியது. தொட்டியில் குளோரோஃபார்ம் அளவுக்கு மேல் இருந்தது. சூட்டில் அது அமிலமாகி எஃகை அரித்தது; கரைந்த இரும்பு வினையை இன்னும் முடுக்கியது. இந்த நிலையில் எந்த மனிதக் கையால் என்ன செய்திருக்க முடியும்?

மூன்றாவது, நாசவேலை. யூனியன் கார்பைடு இன்றுவரை சொல்லும் வாதம் இது. ஆனால், நாசவேலை செய்தவர் என்று எந்த நீதிமன்றத்திலும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒரு பேச்சுக்கு அதையே ஏற்றுக்கொள்வோம். ஒருவர் தண்ணீரை விட்டார். குளிர்பதனத்தை நிறுத்தியது அவரா? ஃப்ளேர் குழாயைக் கழற்றிப் போட்டது அவரா? 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்தின் குழுவே வந்து ஆய்வு செய்து குறைகளை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, இந்த நகரம் எரிமலை வாயில் இருக்கிறது என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் முழுசாகக் கையில் இருந்தன.

ஊருக்கு நடந்ததிலும் இதே கதைதான். ஆலைக்குள் ஒலிக்கும் சங்கையும் ஊருக்கான சங்கையும் 1982இல் பிரித்து வைத்தார்கள், மக்கள் வீணாகப் பதறக் கூடாதென்று. அன்றிரவு ஒரு மணிக்குச் சற்று முன் ஊர்ச் சங்கு ஒலித்து, சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஒலித்தபோது மணி இரண்டு. அதற்குள் வாயு ஆலையை ஒட்டிய ஜெயப்பிரகாஷ் நகரையும் ரயில் நிலையத்தையும் மூடிவிட்டது. ஓடினார்கள், ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க நஞ்சு உள்ளே போகும். தரையை ஒட்டி வந்த வாயு குழந்தைகளின் முக உயரத்தில் இருந்தது. எம்ஐசி தண்ணீரில் வினைபுரியும் பொருள் அல்லவா? ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகுங்கள் என்று அந்த மக்களுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்! ஹமீதியா மருத்துவமனையில் குவிந்தவர்களுக்கு எதற்கு மருந்து கொடுப்பது என்றே மருத்துவர்களுக்குத் தெரியவில்லை.

முதலில் அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 2,259. பிறகு 3,787. இழப்பீட்டுக் கணக்கில் 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் 15,000க்கு மேல் என்கின்றன. காயமடைந்தவர்கள் 5,58,125 பேர் என்று 2006இல் அரசே பிரமாணப் பத்திரம் கொடுத்தது. இந்திய அரசு கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் சமரசமாகக் கிடைத்தது 47 கோடி. காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் கையில் வந்தது 25,000 ரூபாய். நுரையீரல் கெட்டு உட்காரக்கூட முடியாத மனிதருக்கு அது எத்தனை மாத மருந்துக்குக் காணும்? ஆலை வளாகத்தில் கொட்டிய கழிவு நிலத்தடி நீரிலும் இறங்கியது.

2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் 7 பேரைக் குற்றவாளிகள் என்றது. யூனியன் கார்பைடின் இந்தியக் கிளை நிறுவனத்தின் அன்றைய தலைவர் அதில் ஒருவர். இரண்டு ஆண்டு தண்டனை மிகக் குறைவு. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எந்தக் குற்றத்துக்கு? கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு. நீதிமன்றமே அலட்சியத்தைத்தான் பார்த்தது.

ஒரு செய்தியோடு அமர்கிறேன். அமெரிக்காவின் மேற்கு விர்ஜினியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இதே யூனியன் கார்பைடு கட்டிய எம்ஐசி ஆலை இருந்தது. பின்னாளில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2008 ஆகஸ்டில் அங்கே எம்ஐசி தொட்டிக்கு அருகிலேயே வேறொரு கலன் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டி தப்பியது. 2011இல் அங்கே எம்ஐசி உற்பத்தியையே கைவிட்டார்கள். இன்று அந்த ஊரில் கசிவதற்கு எம்ஐசி கிடையாது. பிளைண்டை ஒழுங்காகப் போட்டதால் வந்த பாதுகாப்பு அல்ல அது, நடுவர் அவர்களே. நிர்வாக அறையில் எடுத்த முடிவால் வந்தது. போபாலிலும் அந்த முடிவை எடுத்திருக்க முடியும். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

நன்றி, வணக்கம்.